போர்ட்லாந்து மெட்ரோ: மூன்று கவுண்டிகளை ஒரே மேசையில் உட்கார வைக்கும் சேவை, ஒரு குடியிருப்பாளரின் மதிப்பீடு

ஒரெகன் மாநிலத்தின் போர்ட்லாந்து வட்டாரத்தில் வீடு வாங்க வரும் நம் குடும்பங்கள் பள்ளியின் தரத்தை விசாரிப்பார்கள். ஹில்ஸ்பரோவில் உள்ள இன்டெல் வளாகத்திற்கு எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரலாம் என்றும் விசாரிப்பார்கள். வாங்கப்போகும் மனை எப்படி மனையாயிற்று, சாலைக்கு அப்பால் இருக்கும் நிலம் ஏன் இன்னும் வயலாகவே இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. அதற்கு விடை வைத்திருப்பது மெட்ரோ என்ற வட்டார அரசு. விலங்குக் காட்சிசாலை, மாநாட்டு மையம், குப்பைப் பரிமாற்ற நிலையம் என்று அது நடத்தும் பலவற்றை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. நகரங்களும் கவுண்டிகளும் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) வளர்ச்சியைச் சேர்ந்து திட்டமிடுவதற்கு அது அளிக்கும் சேவையை மட்டும், அதற்கு வரி கட்டி அதன் எல்லைக்குள் பல ஆண்டுகளாக வாழ்பவன் என்ற முறையில் மதிப்பிடுகிறேன். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். குறைத்த ஒன்றரை எங்கே போயிற்று என்பதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

மல்ட்னோமா, வாஷிங்டன், கிளாக்கமஸ் ஆகிய மூன்று கவுண்டிகளின் நகர்ப்புறப் பகுதிகளும் 24 நகரங்களும் மெட்ரோவின் வரம்புக்குள் வருகின்றன. 1978இல் மக்கள் வாக்களித்து, 1979 ஜனவரியில் இது இன்றைய உருவில் செயல்படத் தொடங்கியது. வட்டாரம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் ஒரு தலைவரும், தொகுதிக்கு ஒருவராக ஆறு உறுப்பினர்களும் இதன் மன்றத்தில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வட்டார அரசு இது ஒன்றுதான். மற்ற பெருநகர்ப் பகுதிகளில் பெரும்பாலும் மேயர்களும் கவுண்டி ஆணையர்களும் தங்கள் சொந்த வேலைக்கு நடுவே கூடிப் பேசுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தம் ஊர் வாக்காளரிடம்தான் கணக்குச் சொல்ல வேண்டியிருப்பதால், பேச்சு முடிந்ததும் அவரவர் ஊர் அவரவருக்கு என்று ஆகிவிடுகிறது. மெட்ரோ உறுப்பினரின் தொகுதியோ பல நகரங்களைத் தொட்டுச் செல்கிறது. ஒரு நகரத்திற்காக மட்டும் பேசினால் அவர் அடுத்த தேர்தலில் வெல்வது கடினம். இந்தச் சிறிய வேறுபாட்டைத்தான் நான் இந்தச் சேவையின் மிகப் பெரிய பலமாகக் கருதுகிறேன்.

அதற்குக் கீழே இன்னொரு அடித்தளமும் இருக்கிறது. 1973இல், டாம் மெக்கால் ஆளுநராக இருந்தபோது, ஒரெகன் சட்டமன்றம் நிறைவேற்றிய நிலப் பயன்பாட்டுச் சட்டம் மாநிலத்தின் ஒவ்வொரு நகரமும் தன்னைச் சுற்றி ஒரு நகர வளர்ச்சி எல்லையை, அதாவது நகர்ப்புறக் கட்டுமானம் நிற்க வேண்டிய கோட்டை, வகுக்க வழிசெய்தது. போர்ட்லாந்து வட்டாரத்தில் நகரத்துக்கு ஒன்றாக அல்லாமல், எல்லா நகரங்களுக்கும் சேர்த்து ஒரே எல்லை. அதை வரைவதும் நகர்த்துவதும் மெட்ரோவின் பொறுப்பு. எல்லைக்குள் அடுத்த 20 ஆண்டுகளின் வீட்டுத் தேவைக்கும் வேலைவாய்ப்புக்கும் போதுமான நிலம் இருக்கிறதா என்று ஆறு ஆண்டுகளுக்கு ஒரு முறை கணக்குப் பார்க்க வேண்டும் என்பது சட்டம்.

இந்தக் கோட்டைக் காகிதத்தில் பார்ப்பதைவிடக் கால்நடையாகப் பார்ப்பது நல்லது. நாங்கள் வசிப்பது வாஷிங்டன் கவுண்டியின் பெத்தனி பகுதி. மாலையில் ஸ்பிரிங்வில் சாலையைத் தாண்டி வடக்கே நடந்தால், நெருக்கமாகக் கட்டிய வீட்டு வரிசைகள் ஓரிடத்தில் சட்டென்று நின்று, அங்கிருந்து வயலும் மரங்களும் தொடங்கிவிடுகின்றன. நகரம் தேய்ந்து தேய்ந்து கிராமமாவதுதான் பெரும்பாலான ஊர்களில் கண்ட காட்சி. இங்கே அது கத்தியால் வெட்டியதுபோல் முடிகிறது. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் சற்று நின்றுவிட்டுத்தான் திரும்புகிறேன். இருபது நிமிடக் கார் பயணத்தில் பண்ணைக்குப் போய்ப் பழம் பறித்துவர முடிவதற்கு, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக யாரோ கூட்டங்களில் உட்கார்ந்து இந்தக் கோட்டைக் காத்ததே காரணம்.

அந்தக் கூட்டங்களுக்கென இரண்டு முக்கியக் குழுக்கள் இருக்கின்றன. நிலம் தொடர்பான கொள்கைகளுக்கு மேயர்களும் கவுண்டி ஆணையர்களும் தண்ணீர், தீயணைப்பு போன்ற ஒரே சேவைக்கென அமைந்த சிறப்பு மாவட்டங்களின் பிரதிநிதிகளும் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று. போக்குவரத்துக்கு 17 பேர் கொண்ட கூட்டுக் குழு மற்றொன்று. போக்குவரத்துக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் கூட்டரசின் சாலைப் பணம் பங்கிடப்படுவதில்லை என்பதால் அங்கே யாரும் சும்மா வந்து உட்காருவதில்லை. 1998இல் ஹில்ஸ்பரோ வரை திறக்கப்பட்ட மாக்ஸ் ரயில் பாதையும், அதன் ஓரெங்கோ நிலையத்தை ஒட்டிக் கடைகளும் குடியிருப்புகளும் நடந்துபோகும் தொலைவில் எழுந்ததும், ரயிலையும் நிலத்தையும் ஒரே திட்டமாகப் பார்த்ததன் பலன். புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் காட்டும் இடம் ஓரெங்கோதான்.

கோட்டை வரைவது ஒரு வேலை; கோட்டுக்குள் குழாய் போடுவது வேறு வேலை. மெட்ரோவிடம் முதலாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை. எங்கள் வீட்டுக்கு அருகில், பானி ஸ்லோப் பகுதியில் நடந்ததே இதற்கு நல்ல சான்று. 2002இல் எல்லைக்குள் கொண்டுவரப்பட்ட சுமார் 160 ஏக்கர் நிலம் அது. கவுண்டிக் கோட்டின்படி அது மல்ட்னோமாவுக்குச் சொந்தம். ஆனால் குடிநீர், கழிவுநீர், சாலை ஆகிய எல்லாமே வாஷிங்டன் கவுண்டிப் பக்கத்திலிருந்துதான் வர முடியும். மல்ட்னோமாவுக்கு அங்கே நகர்ப்புற வசதி அளிக்க வழியில்லை, வாஷிங்டனுக்கு அதிகாரமில்லை. பல ஆண்டுகள் அந்த நிலம் எல்லைக்குள் இருந்தும் எதற்கும் பயன்படாமல் கிடந்தது. கடைசியில் இரண்டு கவுண்டிகளும் ஒப்புக்கொண்டு, 2014 ஜனவரியில் கவுண்டிக் கோட்டையே நகர்த்தி, அந்த நிலத்தை வாஷிங்டனோடு சேர்த்தன. தன் நிலத்தில் ஒரு துண்டையும் அதன் சொத்து வரியையும் அண்டைக் கவுண்டிக்கு விட்டுக்கொடுக்க ஓர் அரசு சம்மதித்தது எளிய காரியமன்று. அந்தத் தலைவர்களை நான் மனதார மதிக்கிறேன். என்றாலும் கோடு வரைந்த நாளிலேயே பேசி முடித்திருக்க வேண்டிய ஒன்றுக்குப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

கிளாக்கமஸ் கவுண்டியின் டமாஸ்கஸ் ஊருக்கு அந்த நல்ல முடிவும் கிடைக்கவில்லை. 2002இல் எல்லை 18,000 ஏக்கருக்கு மேல் விரிந்தபோது அதில் பெரும்பங்கு அந்தப் பக்கத்தில்தான் சேர்ந்தது. அங்கே அப்போது நகரமே கிடையாது. மலைச்சரிவும் ஓடைகளும் பரந்த தோட்ட வீடுகளும்தான். வெளியார் தங்கள் நிலத்தைத் திட்டமிடக் கூடாது என்று 2004இல் மக்கள் தாங்களே ஒரு நகரத்தை அமைத்துக்கொண்டார்கள். ஆனால் சட்டம் கேட்ட விரிவான திட்டம் எதற்கும் வாக்காளர்கள் ஒப்புதல் தரவில்லை. 2016இல் அந்த நகரத்தையே கலைத்துவிட வாக்களித்தார்கள். ஆயிரக்கணக்கான வீடுகள் எழும் என்று வட்டாரக் கணக்கேட்டில் எழுதப்பட்ட நிலம் அது. அங்கே வாழ்ந்தவர்களின் சம்மதம் கணக்கில் இல்லாமல் போனதே தவறு என்பது என் முடிவு. மூன்று கவுண்டிகளின் தலைவர்கள் கைகுலுக்கினால் போதாது. குழாய்க்கும் சாலைக்கும் பணம் கட்டப்போகிறவர்களும் அதே மேசையில் இருந்திருக்க வேண்டும்.

இந்தப் பாடம் வீணாகவில்லை என்பதால்தான் மதிப்பெண்ணை மூன்றரைக்குக் கீழே இறக்கவில்லை. 2018இல் எல்லையை விரிக்கும் முறை வந்தபோது, நிலம் கேட்கும் நகரங்கள் முன்கூட்டியே தங்கள் கருத்துருத் திட்டத்தோடு வர வேண்டியிருந்தது. யார் தண்ணீர் தருவார்கள், சாலைக்குப் பணம் எங்கிருந்து வரும், எத்தகைய வீடுகள் கட்டப்படும் என்பதையெல்லாம் சொன்ன பிறகே பரிசீலனை. பீவர்ட்டன், ஹில்ஸ்பரோ, கிங் சிட்டி, வில்சன்வில் என்ற நான்கு நகரங்களுக்கு மொத்தம் 2,181 ஏக்கர் கிடைத்தது. அதில் பாதிக்கு மேல், 1,232 ஏக்கர், பீவர்ட்டனின் கூப்பர் மலைப் பகுதி. 2002இன் பெரிய வளையத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய துண்டுதான். ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். 2024 இறுதியில் ஷெர்வுட் நகரின் மேற்கே நிலம் சேர்க்கப்பட்டபோதும் இதே வழியில், நிபந்தனைகளோடுதான் அனுமதி தரப்பட்டது.

எல்லா உடன்பாடும் மெட்ரோவுக்கும் கவுண்டிகளுக்கும் இடையிலேயே முடிந்துவிடவில்லை. அடுத்த பல பத்தாண்டுகளுக்கு எந்த நிலம் நகரத்துக்கு, எந்த நிலம் உழவுக்கு என்று 2010இல் மூன்று கவுண்டிகளும் மெட்ரோவும் ஒப்பந்தம் செய்தன. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் பகுதிகளை ஏற்க மறுத்தது. அதன் பிறகு சட்டமன்றமே தலையிட்டு, வாஷிங்டன் கவுண்டிக்கான எல்லைகளைச் சட்டமாக வகுத்துக் கொடுத்தது. இங்கே யார்மீது குறை சொல்வது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. உழவு நிலத்தைக் காக்க வழக்குத் தொடுத்தவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது.

அன்றாடப் பயன்பாட்டுக்கு வருகிறேன். மெட்ரோவின் இணைய வரைபடத்தில் ஒரு முகவரியை இட்டால், அது எந்த நகரத்தில் அல்லது கவுண்டியில் இருக்கிறது, வளர்ச்சி எல்லைக்கு உள்ளா வெளியா, அந்த இடத்தின் நிலப் பயன்பாட்டு வகை என்ன, எந்தத் தொகுதி என்பதெல்லாம் இலவசமாகத் தெரிந்துவிடும். வீடு வாங்கும் முன் இதை ஒரு முறை பார்த்துவிடுங்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பெத்தனியின் அஞ்சல் முகவரியில் போர்ட்லாந்து என்றுதான் இருக்கும். ஆனால் நாங்கள் போர்ட்லாந்து நகரத்திலும் இல்லை, பீவர்ட்டனிலும் இல்லை. எந்த நகராட்சியிலும் சேராத கவுண்டி நிலம் இது. தண்ணீருக்கு ஒரு மாவட்டம், கழிவுநீருக்கு ஒன்று, தீயணைப்புக்கு ஒன்று, பூங்காவுக்கு ஒன்று. காவலுக்குக் கவுண்டியின் ஷெரிஃப். ஒவ்வொன்றும் தன்னளவில் நன்றாகவே நடக்கிறது. ஆனால் ஒரு முறை எங்கள் தெருவுக்கும் பள்ளிக்கும் நடுவே விட்டுப்போன நடைபாதைத் துண்டு பற்றிக் கேட்கப் போய், ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் காட்ட, அது மூன்றாவதைக் காட்ட, குழந்தைகள் அந்த ஆண்டு முழுவதும் சாலை ஓரத்திலேயே நடந்தார்கள். திட்டமிடும்போது சேர்ந்து அமர்பவர்கள், திட்டம் கட்டி முடிந்த பிறகு குடியிருப்பவன் தட்டுவதற்கு ஒரு கதவையும் சேர்ந்து வைத்தால் நான் அரை மதிப்பெண் கூட்டித் தருவேன்.

பணத்தை ஒருவர் திரட்டி இன்னொருவர் செலவிடும் ஏற்பாடும் கவனிக்க வேண்டியது. மலிவு வாடகை வீடுகளுக்காக 2018இல் 65.28 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தார்கள். 3,900 வீடுகள் என்பது இலக்கு. 2020இல் வீடற்றோருக்கான சேவைக்கு ஒரு வருமான வரி வந்தது. அப்போது வைத்த வரம்பின்படி, தனிநபரின் வரிக்குரிய வருமானம் 1,25,000 டாலரையும், சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதியருடையது 2,00,000 டாலரையும் தாண்டினால், அந்த மேல் தொகைக்கு ஒரு சதவீதம். இருவரும் கணினித் துறையில் இருக்கும் வீடுகள் இதில் எளிதாக வந்துவிடும், மறந்துவிடாதீர்கள். வரியை விதிப்பது மெட்ரோ, செலவிடுவது கவுண்டிகள். மல்ட்னோமா கவுண்டி பணத்தைச் செலவிடாமல் பின்தங்கியபோது, 2023இல் திருத்தத் திட்டம் ஒன்றைத் தருமாறு மெட்ரோ அதைக் கேட்டது. அப்படிக் கேட்கும் அதிகாரம் கையில் இருந்ததும் அதைப் பயன்படுத்தியதும் சரியே.

போர்ட்லாந்துக்கு வடக்கே ஓடும் கொலம்பியா ஆற்றின் அக்கரையை இந்தச் சேவை எட்டுவதில்லை. வான்கூவர் நகரமும் கிளார்க் கவுண்டியும் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்தவை; அங்கே 1990ஆம் ஆண்டின் வேறொரு சட்டம். போக்குவரத்துக் குழுவில் அவர்களுக்கு இருக்கை உண்டு, நில எல்லையில் பங்கு இல்லை. இரு கரைகளையும் இணைக்கும் பாலத்தின் ஒரு பகுதி 1917இலும் மற்றது 1958இலும் கட்டியவை. அதை மாற்றும் முந்தைய திட்டம், அக்கரை மாநிலத்தின் செனட் பணம் தர மறுத்ததும் 2014இல் கைவிடப்பட்டது. மாலை ஐந்து மணிக்கு அந்தப் பாலத்தில் சிக்கியிருப்பவர்களுக்கு, ஒரு மேசையில் உட்காராத இரண்டு அரசுகளின் விலை தெரியும்.

மன்றத்தின் கூட்டங்கள் கிராண்ட் அவென்யூவில், முன்பு சியர்ஸ் கடையாக இருந்த கட்டடத்தில் நடக்கின்றன. நேரிலும் எழுத்திலும் எவரும் கருத்துச் சொல்லலாம். எல்லை பற்றிய அடுத்த பெரிய கணக்கெடுப்பு 2030இல் வர வேண்டும். எங்கள் வீட்டுக்கு வடக்கே உள்ள வயலைப் பற்றி அப்போது பேச நான் இப்போதே குறிப்பெடுத்து வருகிறேன்.