விண்டோஸில் வயர்ஷார்க் பில்ட்: விஷுவல் ஸ்டூடியோவா, எம்சிஸ்2-ஆ?

நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் பிடித்து ஆராயும் வயர்ஷார்க்கில் ஒரு புது புரோட்டோகாலைப் பிரித்துக் காட்டினால் போதும் என்பவர்களுக்கு இந்த அலசல் தேவைப்படாது. லுவாவில் ஸ்கிரிப்ட் எழுதி ப்ளகின் ஃபோல்டரில் போட்டுவிடலாம், பில்டே (சோர்ஸ் கோடிலிருந்து புரோகிராமை உருவாக்குவது) வேண்டாம். சோர்ஸில் கைவைத்தே ஆகவேண்டும் என்பவர்களுக்குத்தான் தலைப்பில் உள்ள கேள்வி: மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டூடியோவா, திறந்த மூலக் கருவிகளை விண்டோஸுக்குத் தரும் எம்சிஸ்2-ஆ?

அதிகாரபூர்வ விண்டோஸ் இன்ஸ்டாலர் விஷுவல் ஸ்டூடியோவில்தான் தயாராகிறது. அந்த வழியில் போனால் முன்வேலை ஏராளம். சி++ டெஸ்க்டாப் தொகுதி, கியூட் (திரையை வரையும் லைப்ரரி), சிமேக் (பில்டை அமைக்கும் கருவி), பைத்தான், ஃப்ளெக்ஸ், கிட் எல்லாம் வேண்டும். சில்லறைக் கருவிகளை சாக்லேட்டி என்ற பேக்கேஜ் மேனேஜர் பார்த்துக்கொள்ளும். ஜிலிப் போன்ற லைப்ரரிகளை சிமேக்கே இறக்கிக்கொள்ளும். எந்த ஃபோல்டரில் என்று ஒரு என்விரான்மென்ட் வேரியபிளில் சொன்னால் சரி.

மாட்டிக்கொள்ளும் இடம் கியூட். அதன் இன்ஸ்டாலர் முதலில் அக்கவுன்ட் கேட்கும். உள்ளே போனால் ஒரே பதிப்புக்கு எம்எஸ்விசி (விஷுவல் ஸ்டூடியோவின் கம்பைலர்), மின்ஜிடபிள்யூ (ஜிசிசி வகைக் கம்பைலர்) என்று தனித்தனி டிக் பெட்டிகள். அவசரத்தில் நான் இரண்டாவதை டிக் செய்துவிட்டேன். சிமேக் வாயைத் திறக்கவில்லை. கோப்புகள் வரிசையாகக் கம்பைல் ஆயின. கடைசியில் லிங்க் செய்யும்போதுதான் ‘அன்ரிசால்வ்ட் எக்ஸ்டர்னல் சிம்பல்’ என்று திரை நிறையப் பிழைகள். சி++ ஃபங்ஷன் பெயர்களை இரண்டு கம்பைலர்களும் வெவ்வேறு விதமாக உருமாற்றி எழுதுவதால் ஒன்றின் லைப்ரரி மற்றதற்குப் புரியாது. ஒரு மாலைப்பொழுது போயிற்று.

எம்சிஸ்2-இல் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. கம்பைலரும் கியூட்டும் அதன் பேக்கேஜ் மேனேஜரான பேக்மேன் வழியாக, ஒன்றுக்கொன்று பொருந்தியே வருகின்றன. வயர்ஷார்க் சோர்ஸின் டூல்ஸ் ஃபோல்டரில் எம்சிஸ்2-க்கென்றே செட்டப் ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதை ஓட்டிவிட்டு சிமேக், பிறகு கம்பைலை நடத்தும் நிஞ்சா, அவ்வளவுதான். ஒன்றில் மட்டும் கவனம்: ஸ்டார்ட் மெனுவில் எம்சிஸ்2 பெயரில் பல ஷெல்கள் இருக்கும். ப்ராம்ப்ட்டில் யூசிஆர்டி64 என்று தெரிய வேண்டும். வெறும் எம்சிஸ் என்றிருந்தால் மூடிவிட்டுச் சரியானதைத் திறங்கள்.

அப்படியானால் விஷுவல் ஸ்டூடியோ எதற்கு? கிராஷைத் துரத்தும்போது தெரியும். பிடிபி (டிபக் தகவல்) கோப்பு கைவசம் இருக்க, விஷுவல் ஸ்டூடியோவின் டிபக்கரில் வரிவரியாக நகரலாம். எம்சிஸ்2-இல் ஜிடிபி என்ற கமாண்ட்லைன் டிபக்கர்தான், பழகியவர்களுக்குச் சரி, எனக்குப் பொறுமை இல்லை. சி-யில் எழுதிய ப்ளகினை, இன்ஸ்டாலர் போட்டவர்களுக்குக் கொடுப்பதென்றாலும் அதே கம்பைலர், அதே லைப்ரரிகளோடு போவதே நல்லது. சொந்தமாக ஒரு பேட்ச் போட்டுப் பார்க்க நான் எம்சிஸ்2-ஐத்தான் திறக்கிறேன்.

டபிள்யூஎஸ்எல்லில் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) பில்ட் செய்தால் கிடைப்பது லினக்ஸ் வயர்ஷார்க். வழக்கமான அமைப்பில் அதற்கு மெய்நிகர் அடாப்டர்தான் தெரியும், உங்கள் வைஃபை அல்ல.

எந்த வழியில் போனாலும், பில்ட் முடிந்து திறந்ததும் இன்டர்ஃபேஸ் பட்டியல் காலியாக இருந்தால் கம்பைலரைத் திட்டாதீர்கள். பாக்கெட் பிடிக்க என்பிகேப் டிரைவர் வேண்டும். அதிகாரபூர்வ இன்ஸ்டாலர் அதைக் கூடவே கொண்டுவரும். நீங்கள் பில்ட் செய்த ஃபோல்டரில் அது இருக்காது.