ஆர்வியில் வானிலை நிலையம்: டெம்பெஸ்டா, டபிள்யூஎஸ்-2902வா?

அமெரிக்காவில் ஆர்வியில், அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டியில், ஊர் ஊராகச் சுற்றும்போது கூடவே ஒரு வானிலை நிலையமும் இருந்தால் நல்லது என்று தேடியதில், கடைசியில் இரண்டுதான் மிஞ்சின: வெதர்ஃப்ளோவின் டெம்பெஸ்ட், ஆம்பியன்ட் வெதரின் டபிள்யூஎஸ்-2902. நாங்கள் வாங்கியது 2902. அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

வெப்பம், ஈரப்பதம், காற்று, மழை, வெயில் எல்லாவற்றையும் இரண்டுமே அளக்கும். விலை 2902க்குக் குறைவு. ஆனால் கட்டமைப்பில் டெம்பெஸ்ட் ஒரு படி மேல். அதில் சுழலும் பாகமே கிடையாது. காற்றை ஒலியலையால் அளக்கிறது, மழையைத் துளி விழும் அதிர்விலிருந்து கணக்கிடுகிறது. 2902இல் சுழலும் கிண்ணங்களும் கவிழும் மழைமானியும் உண்டு. ஒவ்வொரு இடத்திலும் கம்பத்தில் ஏற்றி, மட்டம் பார்த்து, வடக்கு நோக்கித் திருப்ப வேண்டும். டெம்பெஸ்ட் 3 விநாடிக்கு ஒருமுறை காற்றின் வேகத்தை அனுப்பும், 2902 16 விநாடிக்கு ஒருமுறைதான். திடீர்க் காற்றில் கிழிந்துபோகக்கூடிய ஆனிங்கை (வண்டியின் பக்கவாட்டில் விரியும் துணிக்கூரை) விரித்துவிட்டு உள்ளே சமைத்துக்கொண்டிருப்பவருக்கு அது சின்ன வித்தியாசமில்லை.

சரி, அப்புறம் ஏன் 2902? அதோடு வரும் திரைக்காகத்தான்.

டெம்பெஸ்டோடு திரை வராது. அதன் ஹப் (வண்டிக்குள் வைக்கும் இணைப்புப் பெட்டி) வைஃபையில் சேர்ந்து, அளவுகள் இணையத்துக்குப் போய், அங்கிருந்து நம் போனுக்கு வரவேண்டும். அரிசோனா, யூட்டா பக்கம் பொது நிலங்களில் கொஞ்சம் உள்ளே தள்ளி நிறுத்தினால் சிக்னலே இல்லாத இடங்கள் ஏராளம். கேம்ப்கிரவுண்ட் வைஃபை இருந்தாலும், பிரௌசரில் கடவுச்சொல் கேட்கும் பக்கம் வந்து நிற்கும். ஹப்பில் அதை நிரப்ப ஏது பிரௌசர்? கேம்ப்கிரவுண்ட் வைஃபையை வாங்கி நம் கருவிகளுக்குப் பகிரும் டிராவல் ரவுட்டர் ஒன்றை நடுவில் வைத்துச் சமாளிக்கலாம். உள் வலையிலேயே அளவுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்களும் உண்டு, கணினி கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு. 2902க்கு இதெல்லாம் வேண்டாம். கம்பத்தில் இருக்கும் உணரி ரேடியோ வழியாகத் திரையோடு நேராகப் பேசும். காற்றின் வேகம் நாம் வைத்த எல்லையைத் தாண்டினால் அலாரமும் அடிக்கும். செயற்கைக்கோள் இணையமான ஸ்டார்லிங்க் எப்போதும் ஓடும் வண்டி என்றால் என் வாதம் பாதி அடிபட்டுவிடும்.

திரையின் அருமை காற்றழுத்தத்தில்தான் தெரியும். ஃபீனிக்ஸ் ஏறக்குறைய 1,100 அடி உயரம், ஃபிளாக்ஸ்டாஃப் 6,900 அடி. வண்டி அந்த ஏற்றத்தை ஏறி முடிக்கும்போது காற்றழுத்தம் சுமார் 190 ஹெக்டோபாஸ்கல் இறங்கியிருக்கும். 1979இல் பசிபிக்கில் வந்த டிப் புயலின் நடுவில்கூட அழுத்தம் 870. இயல்பு அளவான 1013இலிருந்து அது 143தான் குறைவு. பாவம், நாம் மலை ஏறியது கருவிக்கு எப்படித் தெரியும்? அழுத்தம் இறங்கினால் புயல் என்று எடுத்துக்கொண்டு, வானம் நிர்மலமாக இருக்கும்போதே திரையில் புயல் மேகம் போட்டுவிடும்.

டெம்பெஸ்டில் இதைச் சரிசெய்ய, செயலியில் நிலையத்தின் இடத்தையும் உயரத்தையும் மாற்றவேண்டும். அதற்கும் இணையம். 2902இல் திரையிலேயே கடல்மட்ட அழுத்தத்தை (உயரத்தின் பாதிப்பை நீக்கிக் கணக்கிட்ட அழுத்தம்) திருத்திவிடலாம். அதற்கான சரியான எண்ணுக்கு எங்கே போவது? தேசிய வானிலைச் சேவையின் ரேடியோ 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகளில் ஓடுகிறது. பக்கத்து ஊர்களின் நிலவரத்தைச் சொல்லும்போது அழுத்தத்தையும் பெரும்பாலும் சொல்வார்கள். அதே எண்ணைத் திரையில் வைத்தால் போதும். உயரம் ரொம்ப வேறுபடாத ஊராகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு அந்த இடத்தில் தங்கும்வரை அழுத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை நம்பலாம்.

பனியிலும் உறைமழையிலும் இவை எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். குளிர்காலத்தில் நாங்கள் தெற்கே ஓடிவிடும் கூட்டம்.

கம்பம் நட்டு இறக்க அலுப்பாக இருந்தால் கையடக்கமான காற்றுமானி கெஸ்ட்ரல் போதும். திசைகாட்டியுள்ள 5500 ஒரே ஒரு ஏஏ பேட்டரியில் ஓடும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் காற்று கிளம்பினால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நிற்க யாராவது விழித்திருக்க வேண்டும்.