தளங்களின் அனுமதியும் சேமிப்பும்: ஃபயர்ஃபாக்ஸ் ஒரு மதிப்பீடு

வாட்ஸ்அப் வெப் போன்ற ஒரு தளத்தைக் கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் வழியாகத் திறந்தால், முகவரிப் பட்டைக்குக் கீழே ஒரு சிறு பெட்டி தோன்றி, இந்தத் தளம் தன் தரவை நிலையான சேமிப்பில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறது. பலர் படிக்காமலேயே மூடிவிடும் அந்தக் கேள்விதான், என்னைப் பொறுத்தவரை, இந்த உலாவியின் மிகச் சிறந்த அம்சம்.

பொதுவாகத் தளங்கள் உலாவியில் சேர்த்து வைப்பவை தற்காலிகமானவை. வட்டில் இடம் குறைந்தால், நெடுநாள் திறக்கப்படாத தளத்தின் தரவை உலாவி நம்மைக் கேட்காமலே மொத்தமாக அழித்துவிடும். நிலையான சேமிப்புக்கு இசைவு தந்துவிட்டால், நாமே நீக்கும்வரை அது தங்கும். குரோம் இதே கோரிக்கையை நம்மிடம் கொண்டுவராமல், அந்தத் தளத்தை நாம் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பது போன்றவற்றைக் கொண்டு தானே முடிவெடுக்கிறது. வரைவுகளையும் படங்களையும் உலாவிக்குள்ளேயே வைத்து வேலை செய்பவர்களுக்கு இது சிறிய வேறுபாடு அன்று.

அளவிலும் ஃபயர்ஃபாக்ஸ் கறாரானது. 256 ஜிபி வட்டுள்ள மடிக்கணினியில் குரோம் ஒரு தளத்துக்கு 60 விழுக்காடு வரை, அதாவது 150 ஜிபிக்கும் மேல், இடம் தரக்கூடும். ஃபயர்ஃபாக்ஸோ வட்டின் 10 விழுக்காடு அல்லது 10 ஜிபி, இரண்டில் எது குறைவோ அதோடு நிறுத்திக்கொள்கிறது. இசைவு பெற்ற தளத்துக்கு மட்டும் பாதி வட்டு வரை விடுகிறது.

மைக், கேமரா அனுமதிகளிலும் இதே கவனம் தெரிகிறது. முடிவை நினைவில் வைக்கச் சொல்லும் கட்டத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால், தந்த அனுமதி அந்தத் தாவலை மூடியதும் போய்விடுகிறது.

ஆனால் கொடுத்ததைத் திரும்பப் பார்ப்பதுதான் சிரமம். அமைப்புகளில் சேமிப்பு அளவு ஒரு பட்டியலிலும், இருப்பிடம், மைக், அறிவிப்பு ஒவ்வொன்றும் தனித்தனிப் பட்டியலிலும் இருப்பதால், ஒரு தளம் நம்மிடம் எதையெல்லாம் பெற்றிருக்கிறது என்பதை அங்கே ஒரே பார்வையில் அறிய முடியாது. குரோமின் தள அமைப்புகளில் ஒரு தளத்தைச் சொடுக்கினால் அதன் சேமிப்பும் அனுமதிகளும் ஒரே பக்கத்தில் வந்துவிடுகின்றன. இதில் குரோம் முந்துகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனாலும், கேட்காமல் முடிவெடுப்பதைவிடக் கேட்டுவிட்டுச் சிதறலாகக் காட்டுவதையே நான் ஏற்பேன். நிறுவியவுடன் அறிவிப்புப் பட்டியலுக்குச் சென்று, புதிய கோரிக்கைகளைத் தடுக்கும் கட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். செய்தித்தளங்களின் தொல்லை அதோடு தீர்கிறது.