எஸ்டபிள்யூபியும் ஏறும் சந்தையும்: ஓய்வுக்காலப் பணத்தைப் பல ஆண்டு ஓட்டிப் பார்த்த அனுபவம்

பிஎஃப், கிராஜுவிட்டி பணம் கைக்கு வந்ததும் அதை அஞ்சலகம், லிக்விட் ஃபண்ட் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும், ஏற்ற இறக்கம் குறைந்த ஃபண்ட்), பங்கு ஃபண்ட் என்று மூன்றாகப் பிரித்து வைத்து, மாதச் செலவுக்கு எஸ்டபிள்யூபி (ஃபண்டிலிருந்து மாதாமாதம் குறிப்பிட்ட தொகையைத் தானாக எடுத்துத் தரும் வசதி) மூலம் எடுத்துக்கொள்ளும் முறை நம் ஊரிலும் நன்றாகப் பரவிவிட்டது. சந்தை விழுந்தால் என்ன செய்வது என்ற கவலையோடுதான் எல்லோரும் இதில் இறங்குகிறார்கள். ஏழெட்டு ஆண்டு ஓட்டிய பிறகு பார்த்தால், பெரிய தவறுகள் நடந்திருப்பது பெரும்பாலும் சந்தை ஏறிய ஆண்டுகளில். 2020 நவம்பரிலிருந்து 2024 செப்டம்பர் வரையிலான ஏற்றம் அப்படிப்பட்ட காலம்.

80 லட்சம் ரூபாய் வைத்திருக்கும், பென்ஷன் இல்லாத, இருவரும் 60 வயதைத் தாண்டிய ஒரு தம்பதியின் கணக்கை எடுத்துக்கொள்வோம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம். 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு 61,500 ரூபாய் வரும். அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் கூட்டுக் கணக்காக 15 லட்சம் போட்டால், 7.4 சதவீதத்தில் மாதம் 9,250. இரண்டையும் சேர்த்தால் மாதத்துக்கு 29,750 ரூபாய். வீட்டுச் செலவு 45,000 என்றால் இன்னும் சுமார் 15,000 வேண்டும். மிச்சமுள்ள 35 லட்சத்தில் 11 லட்சம் லிக்விட் ஃபண்டிலும் 24 லட்சம் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டிலும் (நிஃப்டி குறியீட்டில் உள்ள 50 பெரிய கம்பெனிகளின் பங்குகளில் போடும் ஃபண்ட்) இருக்கிறது. அதாவது மொத்தத்தில் 30 சதவீதம் பங்குச் சந்தையில்.

எஸ்டபிள்யூபியை எந்த ஃபண்டில் பதிவது என்பதில்தான் இந்த முறையின் உயிரே இருக்கிறது. லிக்விட் ஃபண்டில் பதிய வேண்டும். மாதம் 15,000 என்றால் ஆண்டுக்கு 1.8 லட்சம். 11 லட்சம் ஆறு ஆண்டு தாங்கும். அந்த ஆறு ஆண்டும் நிஃப்டி என்ன ஆனாலும் சாப்பாட்டுக்குப் பாதிப்பில்லை. ஆனால் சந்தை நன்றாக ஏறிய காலத்தில் பலரும் பங்கு ஃபண்டிலேயே எஸ்டபிள்யூபி போட்டார்கள். "ஆண்டுக்கு 12 சதவீதம் வரும், 8 சதவீதம் எடுத்தால் முதல் குறையவே குறையாது" என்று விற்பவர்கள் சொல்வதும் இதைத்தான்.

இது எங்கே உடைகிறது என்பதை யூனிட் கணக்கில் பார்த்தால் தெளிவாகப் புரியும். ஒரு பங்கு ஃபண்டின் என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் விலை, 100 ரூபாய், மாதம் 25,000 எடுக்கிறீர்கள். 250 யூனிட் விற்கிறது. 2020 ஜனவரியில் 12,300க்கு மேல் இருந்த நிஃப்டி மார்ச் 23 அன்று 7,610க்கு வந்தது. ஏறத்தாழ 38 சதவீதச் சரிவு. என்ஏவி 62 ஆகிவிட்டால் அதே 25,000க்கு 403 யூனிட் போகும். அந்த ஆண்டு நவம்பரிலேயே சந்தை பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் கூடுதலாக விற்ற 153 யூனிட் தாண்டவில்லை, அவை உங்கள் கணக்கிலேயே இல்லை. 2020இல் மீட்சி பத்து மாதத்தில் வந்தது ஒரு கொடுப்பினை. 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ் 8,000 அளவுக்கு இறங்கி, மறுபடி 21,000ஐப் பார்த்தது 2010 நவம்பரில். லிக்விட் ஃபண்டில் குறைந்தது மூன்று ஆண்டுச் செலவு இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். ஐந்து ஆண்டுக்கு இருந்தால் தூக்கம் கெடாது.

இனி ஏற்றத்துக்கு வருவோம். ஐந்து ஆண்டில் 24 லட்சம் 36 லட்சமாகிவிட்டது என்று வையுங்கள். செல்போன் ஆப்பைத் திறந்தால் பச்சை எழுத்தில் 12 லட்சம் லாபம், 50 சதவீதம் என்று காட்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் மனசு மாறுகிறது. அதே திரையில் எக்ஸ்ஐஆர்ஆர் (ஆண்டு வளர்ச்சி வீதம்) என்று சின்ன எழுத்தில் ஓர் எண் இருக்கும், அதைப் பாருங்கள். ஐந்து ஆண்டில் 50 சதவீதம் என்பது ஆண்டுக்குச் சுமார் 8.4 சதவீதம்தான். அஞ்சலகத்தில் கிடைப்பது 8.2. அஞ்சலக வட்டிக்கு ஆண்டுதோறும் வருமான வரி உண்டு, வட்டிக்கு வட்டி கிடையாது என்பதெல்லாம் உண்மைதான். இருந்தாலும், இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரியதில்லை. இதைக் கவனிக்காமல் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தை நடுவில் மூடிப் பங்குக்கு மாற்றியவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஆண்டு முடிந்து இரண்டு ஆண்டுக்குள் மூடினால் போட்ட அசலில் 1.5 சதவீதம் பிடிப்பார்கள், அதற்குப் பிறகு 1 சதவீதம். 30 லட்சத்துக்கு அது 45,000 அல்லது 30,000 ரூபாய். ஒரு ஆண்டுக்குள் மூடினால் அதுவரை வாங்கிய வட்டியையே அசலிலிருந்து கழித்துக்கொள்வார்கள்.

ஏறிய சந்தையில் செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர்த் திசை. பங்கில் இருப்பதைக் கொஞ்சம் இறக்கிச் செலவுப் பணத்தில் சேர்க்க வேண்டும். மற்றவை அப்படியே இருந்தால் மொத்தம் 92 லட்சம், அதில் 36 லட்சம் பங்கு, அதாவது 39 சதவீதம். 30க்குக் கொண்டுவர வேண்டுமானால் பங்கில் 27.6 லட்சம் போதும், 8.4 லட்சம் விற்க வேண்டும். அந்தத் தொகை லிக்விட் ஃபண்டுக்குப் போனால் மாதம் 15,000 வீதம் இன்னும் நாலரை ஆண்டுக்கு மேல் வரும். ஏற்றம் தந்த லாபம் சமையலறைக்கு வந்து சேரும் வழி இது ஒன்றுதான்.

வரியைக் காட்டி இதைத் தள்ளிப்போடுபவர்கள் அதிகம். 24 லட்சத்தை ஒரே தவணையாகப் போட்டிருந்தால், விற்கும் 8.4 லட்சத்தில் லாபம் மூன்றில் ஒரு பங்கு, 2.8 லட்சம். 2024 ஜூலை 23 முதல் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டின் லாபத்தில் ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரியில்லை, மீதிக்கு 12.5 சதவீதம். ஒரே நாளில் விற்றால் செஸ் என்ற கூடுதல் வரியையும் சேர்த்து 20,150 ரூபாய் வரி. பாதியை மார்ச் கடைசி வாரத்திலும் பாதியை ஏப்ரல் முதல் வாரத்திலும் விற்றால், ஒவ்வொரு ஆண்டுக்கும் லாபம் 1.4 லட்சம், வரிக்கு உட்படுவது 15,000 மட்டும். இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 3,900 ரூபாயில் முடிந்துவிடும். மார்ச் 31க்கு ஒட்டி வைக்காதீர்கள். மதியம் 3 மணிக்கு மேல் விண்ணப்பித்தால் அடுத்த வேலை நாள் என்ஏவிதான் கிடைக்கும், விடுமுறை குறுக்கிட்டால் விற்பனை புது நிதியாண்டுக்குப் போய்விடும். தவணை முறையில் சேர்த்திருந்தால் முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்கும். அதில் லாபம் அதிகம் என்பதால் மேலே சொன்ன கணக்கு மாறும். "ஸ்விட்ச்" என்று போட்டாலும் வரிக் கணக்கில் அது விற்பனையே.

ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வரியே இல்லையே என்று நினைத்து விற்றுவிட்டுப் பிறகு திகைப்பவர்களும் உண்டு. புதிய வரி முறையில் வரும் அந்தத் தள்ளுபடி இந்த 12.5 சதவீத லாப வரிக்குப் பொருந்தாது. மற்ற வருமானம் அடிப்படை விலக்கான 4 லட்சத்துக்குக் கீழே இருந்தால், குறையும் அளவை மட்டும் இந்த லாபத்தோடு ஈடுகட்டலாம். தொழில் வருமானம் இல்லாத மூத்த குடிமக்கள் முன்கூட்டிய வரி கட்டத் தேவையில்லை, ரிட்டர்ன் போடும்போது கட்டினால் போதும்.

நேரடிப் பங்கு வைத்திருப்பவர்களின் சிக்கல் வேறு. எப்போதோ வாங்கிய ஒரே கம்பெனியின் பங்கு ஏறி ஏறி மொத்தச் சொத்தில் பாதியாகிவிடும். அப்பா வாங்கி வைத்தது, ராசியானது என்று விற்க மனம் வராது. அந்த மனசை மதிக்க வேண்டும். ஆனால் மருத்துவச் செலவுக்கு அவசரமாக விற்க நேரும் நாளில் அந்தப் பங்கு என்ன விலையில் இருக்கும் என்பது யார் கையிலும் இல்லை. ஆண்டுக்குக் கொஞ்சமாக விற்பது வலிக்காத வழி. 2001இல் 40 ரூபாய்க்கு வாங்கிய பங்கு, 2018 ஜனவரி 31 அன்று உச்ச விலை 900, இன்று 1,500 என்றால், வரிக்கான லாபம் 1,460 இல்லை, 600தான். அன்றைய உச்ச விலையையே வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. 200 பங்கு விற்றால் 3 லட்சம் கைக்கு வரும், லாபம் 1.2 லட்சம், வேறு லாபம் இல்லாவிட்டால் வரி இல்லை. அப்பாவிடமிருந்து வந்த பங்குக்கும் இதே கணக்கு உண்டு.

காகிதச் சான்றிதழாக இருந்தால் முதலில் டீமேட், அதாவது மின்னணுப் பங்காக, ஆக்க வேண்டும். நம் ஊரில் இது நின்றுபோகும் இடம் இனிஷியல். சான்றிதழில் ஒரே எழுத்து, பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக, ஆதாரில் வேறொரு எழுத்துக்கூட்டல். மூன்றையும் ஒன்றாக்க மாதங்கள் ஆகலாம். சந்தை உச்சத்தில் இருக்கும்போது ஆரம்பித்தால் வேலை முடிவதற்குள் விலை இறங்கியிருக்கலாம், அதனால் தேவை வருவதற்கு முன்பே முடித்து வையுங்கள்.

எஸ்டபிள்யூபியைப் பற்றிப் பொதுவாக நல்ல வார்த்தைதான். எடுக்கும் தொகையில் லாபப் பகுதிக்கு மட்டுமே வரி. லிக்விட் ஃபண்டில் 7 சதவீதம் வளர்ந்த பிறகு 15,000 எடுத்தால் லாபம் சுமார் 980 ரூபாய்தான். ஃபண்ட் அவ்வப்போது பணம் பிரித்துத் தரும், டிவிடெண்ட் மாதிரித் தோன்றும் ஐடிசிடபிள்யூ முறையில் வரும் தொகை முழுவதும் வருமானமாகச் சேரும், என்ஏவியும் அதே அளவு குறையும். குறை என்றால், விலைவாசிக்கு ஏற்பத் தொகை தானாக ஏறாது. பெரும்பாலும் பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் பதிய வேண்டும். சந்தை ஏறியது என்பதற்காக இந்தத் தொகையை உயர்த்துபவர்கள், இறங்கும்போது குறைப்பதில்லை, குறைக்கவும் முடிவதில்லை. செலவு 6 சதவீதம் ஏறினால் 6 சதவீதம் ஏற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

ஏறுமுகத்தில் எஃப் அண்ட் ஓ (பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போடும் வணிகம்) பக்கம் இழுக்கும் வாட்ஸ்அப் குழுக்களுக்கு ஒரே பதில் போதும். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது.

ஃபண்ட் கணக்கு ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் அவர் காலமானதும் எஸ்டபிள்யூபி நின்றுவிடும். நாமினி இருந்தாலும் இறப்புச் சான்றிதழ், கேஒய்சி, வங்கி விவரம் எல்லாம் கொடுத்து யூனிட் பெயர் மாறும்வரை பணம் வராது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் "இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்ற முறையில் வைத்தால் முதல் பெயரை நீக்கும் வேலையோடு முடியும். அதுவரை ஓட்ட, மனைவியின் தனிச் சேமிப்புக் கணக்கில் ஆறு மாதச் செலவு இருக்கட்டும். மேலே சொன்ன வீட்டுக்கு அது 2.7 லட்சம்.