பிச்சாவரம் படகுப் பயணம்: துடுப்புப் படகையே எடுத்துக்கொள்ளுங்கள்

பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை ஒன்றே: மோட்டார் படகைத் தவிர்த்துவிட்டுத் துடுப்புப் படகை, அதிலும் கிடைக்கிற கால அளவுகளில் நீண்டதை, எடுத்துக்கொள்ளுங்கள். படகுத்துறையில் கட்டணம் செலுத்தும் இடத்தில் நிற்கும்போது விரைவாகப் போய்விட்டு விரைவாகத் திரும்பலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் எழுவது இயல்புதான். ஆனால் வேகமாகக் கடந்து போகிறவர் கண்ணுக்கு அந்தக் காடு வெறும் பச்சைச் சுவராக மட்டுமே தெரியும். மெதுவாகப் போகிறவருக்கோ ஒவ்வொரு வேரிலும் ஏதாவது ஒன்று அசைந்துகொண்டிருக்கும்.

சிதம்பரத்திலிருந்து கிழக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தொலைவில், கிள்ளைக்கு அருகில், வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலை அடைகிற பகுதிக்கு இடையே இந்தக் காடு இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் உப்பனாறும் அதிலிருந்து பிரியும் எண்ணற்ற வாய்க்கால்களும் நிலத்தைச் சிறுசிறு திட்டுகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,479 ஹெக்டேர் பரப்பு ராம்சார் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையிலிருந்து படகுகள் புறப்படுகின்றன. எத்தனை பேர், எவ்வளவு நேரம், எந்த வகைப் படகு என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். உயிர்காப்பு உடை அணிந்த பிறகே படகில் ஏற வேண்டும். துடுப்புப் படகிலும் ஓட்டுவதற்கு ஆள் உடன் வருவார் என்பதால் துடுப்புப் போடத் தெரியாதே என்று யாரும் தயங்க வேண்டியதில்லை.

மோட்டார் படகு அகலமான வாய்க்கால்களில்தான் போக முடியும். அதன் ஓசை முன்னால் போய்ப் பறவைகளை எழுப்பிவிடும். அது கிளப்பும் அலை கரையோரச் சேற்றில் மோதி, அங்கே வெளியே வந்திருக்கும் நண்டுகளை வளைக்குள் அனுப்பிவிடும். துடுப்புப் படகோ, இரண்டு பக்கத்து மரங்களும் மேலே கூடிக் கூரை போட்டிருக்கும் குறுகிய வாய்க்கால்களுக்குள் நுழைகிறது. சில இடங்களில் கிளைகளுக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டுதான் போக வேண்டும். பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவோ மார்பளவோதான் என்பதால் ஓட்டுகிறவர் துடுப்பைத் தரையில் ஊன்றியே படகைத் திருப்பிவிடுகிறார். வெயிலின் கூச்சம் அங்கே சட்டென்று அடங்கி, தண்ணீர் பச்சையும் பழுப்புமாக மாறுகிறது. நான் இந்தப் பயணத்தைப் பரிந்துரைப்பதே அந்த ஓடைகளுக்காகத்தான்.

அங்கே பார்க்க வேண்டியவற்றில் முதலிடம் சுரபுன்னைக்கு. நடுத்தண்டிலிருந்து வளைந்து இறங்கிச் சேற்றில் ஊன்றி நிற்கும் அதன் முட்டு வேர்கள்தான் வாய்க்காலின் இரண்டு கரைகளையும் பிடித்து வைத்திருக்கின்றன. படகு அருகே நிற்கும்போது கிளைகளை அண்ணாந்து பார்த்தால் முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும் பச்சை நிறக் குச்சிகள் தெரியும். அவை காய்கள் அல்ல. தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு வளர்ந்துவிட்ட நாற்றுகள். உப்பு நீரிலும் ஆக்சிஜன் இல்லாத சேற்றிலும் ஒரு சாதாரண விதை விழுந்து முளைப்பது கடினம் என்பதால், இந்த மரம் தன் விதையை முளைக்கச் செய்து, ஓரளவு வளர்த்த பிறகே கீழே விடுகிறது. நீர் வடிந்திருக்கும் நேரத்தில் விழுவது அப்படியே சேற்றில் குத்திட்டு நின்று வேர்விடும். நீர் ஏறியிருக்கும் நேரத்தில் விழுவது மிதந்து போய் வேறொரு கரையில் ஒதுங்கும். உடன் வரும் குழந்தைகளிடம் இதைச் சொல்லிவிட்டுத் தேடச் சொல்லுங்கள். பிறகு அவர்களைப் படகில் உட்கார வைப்பதற்கு வேறு எதுவும் தேவைப்படாது.

சுரபுன்னை வரிசைக்குப் பின்னால், காட்டின் பெரும்பகுதியை நிரப்பியிருப்பது வெண்கண்டல். இதற்கு முட்டு வேர்கள் கிடையாது. மாறாக, மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து நூற்றுக்கணக்கான மூச்சு வேர்கள் விரல் நீளத்துக்கு மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். காற்றுப் புகாத சேற்றுக்குள் புதைந்திருக்கும் வேர்களுக்கு அவை வழியாகவே ஆக்சிஜன் போகிறது. கையெட்டும் தொலைவில் வெண்கண்டல் கிளை வந்தால் இலையின் மேல் மெதுவாக விரலை ஓட்டிப் பாருங்கள். வெயிலேறிய, மழையில்லாத நாளில் உப்புத் துகள்கள் விரலில் ஒட்டும். வேர் உறிஞ்சிய நீரில் மிகுதியாக இருக்கும் உப்பை இந்த மரம் இலையின் சுரப்பிகள் வழியே வெளியேற்றிவிடுகிறது. சுரபுன்னையோ பெரும்பாலான உப்பை வேரிலேயே தடுத்துவிடுகிறது. ஒரே நீரில் அருகருகே நிற்கும் இரண்டு மரங்கள் ஒரே சிக்கலுக்கு இரண்டு வழிகளைக் கண்டிருப்பதைப் பார்க்கையில், பள்ளிப் பாடத்தில் மனப்பாடம் செய்த செய்தி முதன்முறையாக உண்மையில் புரிகிறது.

ஆனால் எந்த மரத்தையும் கேட்காமல் தொடாதீர்கள். தில்லை மரமும் இங்கே வளர்கிறது. கிளையை ஒடித்தால் வடிகிற அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம் எழும்பும். கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படும். சிதம்பரம் நடராசர் கோயிலின் தலமரம் இதுதான். உதிர்வதற்கு முன் செம்மை ஏறும் இதன் இலைகள் மற்றப் பச்சைக்கு நடுவே தனித்துத் தெரியும். ஓட்டுகிறவரைக் கேட்டால் காட்டிக் கொடுப்பார்.

படகோட்டிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரை நிறைவடையாது. எந்த வாய்க்காலில் எந்த நேரத்தில் நீர் ஏறும், எங்கே படகு தரைதட்டும், எந்தக் கிளையில் மீன்கொத்தி வந்து உட்காரும் என்பதெல்லாம் இவர்களுக்கு அன்றாட வாழ்விலிருந்து தெரிந்தவை. “அண்ணே, சின்ன வாய்க்காலுக்குள்ள போகலாமா? அவசரமில்லை” என்று புறப்படும்போதே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு சொல்லில் பயணத்தின் தன்மையே மாறிவிடும். கழியோரத்தில் வாழும் இருளர் மக்கள் தண்ணீருக்குள் இறங்கி இறால் பிடிப்பதையும் சில வேளைகளில் பார்க்கலாம்: ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி, அகப்படும் இறாலைப் பறிக்குள் போடுவார்கள். பிழைப்புக்காக உழைத்துக்கொண்டிருப்பவர்களைக் காட்சிப் பொருளாக்கிப் படம் எடுக்காமல் இருப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பறவைகளுக்காகப் போகிறவர்கள் வடகிழக்குப் பருவமழையின் வேகம் தணிந்த பிறகு, டிசம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி வரையிலான வாரங்களைத் தேர்ந்தெடுக்கலாம். கொக்குகளும் நாரைகளும் நீர்க்காகங்களும் ஆண்டு முழுவதும் உண்டு. குளிர்காலத்தில் வலசை வரும் உள்ளான்கள் சேற்றுத் திட்டுகளில் மேயும். கருந்தலை மீன்கொத்தியும் அப்போதுதான் கண்ணில் படும். அதன் நீல முதுகும் சிவந்த அலகும் இருண்ட வாய்க்காலைக் குறுக்காகக் கடந்து போகும் அந்த ஒரு கணத்துக்காகக் காலையில் படகுத்துறை திறந்ததும் முதல் ஆளாகப் போய் நிற்பது வீண்போகாது. வெயில் ஏறிய பிறகு போனால் மரங்கள் இருக்கும், பறவைகள் இரா.

இத்தனை அடர்த்தியாக இன்று தெரியும் காடு ஒரு காலத்தில் பெரிதும் அழிந்திருந்தது என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை விறகுக்காகப் பகுதி பகுதியாக மரங்களை மொத்தமாக வெட்டும் முறை இங்கே இருந்தது. வெட்டிய இடங்களில் வெயில் நேராக விழுந்து மண் காய்ந்து தாழ்ந்தது. பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் வடிய வழியின்றி ஆவியாகி, எந்த நாற்றும் பிழைக்க முடியாத அளவுக்கு உப்பு ஏறியது. 1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து, மீன் முள்ளின் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, கடல் ஏறி வடியும்போது நீர் உள்ளே வந்து போக வழிசெய்து நாற்று நட்டார்கள். அந்தக் காடுதான் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது தனக்குப் பின்னால் இருந்த ஊர்களின் சேதத்தைக் குறைத்தது. திறந்த கடற்கரையில் இருந்த ஊர்கள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. திறந்த படகுகளில் நிழல் கிடையாது; அகலமான உப்பங்கழியைக் கடக்கும் நேரம் முழுவதும் வெயில் நேராகத் தலையில் விழும். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். பொங்கல் விடுமுறையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கூட்டம் மிகுந்து, காத்திருக்க வேண்டி வரும். ஆனால் என்னை உண்மையில் வருத்துவது பயணிகள் கொண்டுவரும் பாட்டும் குப்பையும்தான். ஒரு கைப்பேசியில் உரக்க ஒலிக்கும் பாட்டு அந்தக் குறுகிய வாய்க்காலில் போகும் எல்லாப் படகுகளின் அமைதியையும் சேர்த்துக் கெடுத்துவிடுகிறது. முட்டு வேர்களுக்கு இடையே மாட்டிக்கொண்ட நொறுக்குத் தீனி உறையை ஒருவரும் உள்ளே இறங்கி எடுக்க முடியாது. கையில் பொட்டலமே இல்லாமல் படகேறுவது எல்லாவற்றையும் விட எளிது.

அதற்கு முன்னேற்பாடாகச் சிதம்பரத்திலேயே வயிறார உண்டுவிட்டுப் புறப்படுங்கள். அந்த ஊரின் கத்தரிக்காய் கொத்சு புகழ்பெற்றது. காலையில் சூடான இட்லியோடு அதைச் சாப்பிட்டுவிட்டு, நகரப் பேருந்தில் சன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, வயல்களைப் பார்த்துக்கொண்டே பிச்சாவரம் போவது, படகுப் பயணத்துக்குச் சற்றும் குறையாத மகிழ்ச்சி. சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கும் சாலை நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் பேருந்தையே சொல்வேன்.

சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பத் திட்டமிட்டால் படகேறும்போது நண்பகல் ஆகிவிடும்; நான் மேலே சொன்னவற்றில் பாதி அந்த நேரத்தில் கிடைக்காது. முந்தைய நாள் மாலையே சிதம்பரம் வந்து, கோயிலுக்குப் போய்விட்டு, இரவு அங்கேயே தங்குவது நல்லது. முழங்கால் வலியுள்ள பெரியவர்களை அழைத்து வருகிறவர்கள், ஆடும் படகில் இறங்கி ஏறக் கைகொடுக்கும்படி ஓட்டுகிறவரிடம் முன்பே சொல்லிவிடலாம். அவர்களுக்காக என்று மோட்டார் படகைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்; நிதானமாக நகரும் துடுப்புப் படகையே பெரியவர்களும் மிகுதியாக விரும்புவார்கள்.