புது ஷாக் என்று பில் போட்டார்கள், பெயின்ட் அடித்த பழசைக் கொடுத்தார்கள்

சென்னையில் மேடவாக்கம், பள்ளிக்கரணை பக்கம் கார் ஓட்டுகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். மெட்ரோ வேலைக்குத் தோண்டிப் போட்ட சாலையில் ஓடி ஓடி முன்பக்கம் சத்தம் போடாத கார் இந்த ஏரியாவில் குறைவு. அதை வைத்தே சம்பாதிக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எனக்கு நடந்தது இது. புகார் நிலுவையில் இருப்பதால் பெயர் போடவில்லை.

என்னுடையது பழைய ஸ்விஃப்ட். இடது முன்பக்கம், சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் மெதுவாகப் போனால் கடகடவென்று சத்தம். பெரிய வேகத்தடையில் ஒன்றும் கேட்காது. இதைச் சொன்னதும் சூப்பர்வைசர் வந்து இடது ஃபெண்டரை ஒரு அழுத்து அழுத்தினார். "ரெண்டு பக்கமும் ஷாக் போச்சு சார், ஸ்ட்ரட்டை செட்டா மாத்திடலாம்" என்றார். ஸ்பிரிங்கைத் தாங்கும் முன்பக்க ஷாக் அப்சார்பர்தான் ஸ்ட்ரட். லிஃப்டில் ஏற்றவில்லை, சக்கரத்தைக் கழற்றவில்லை. அழுத்தி விட்டால் வண்டி ஒரு முறை எழும்பி நின்றுவிட வேண்டும், அதற்கு மேலும் ஆடிக்கொண்டே இருந்தால்தான் ஷாக் போயிற்று என்று அர்த்தம். என் வண்டி எழும்பி நின்றது. "நின்னுடுச்சே?" என்று கேட்டேன். "உள்ள கேஸ் போயிருக்கும் சார், வெளிய தெரியாது" என்று பதில். இந்த மாதிரிப் பதிலுக்கு எதிர்க்கேள்வி கேட்க யாராலும் முடியாது. அதனால்தான் சொல்கிறார்கள்.

இரண்டு கம்பெனி ஸ்ட்ரட், அதை மேலே பாடியோடு பிடிக்கும் மவுண்ட், லேபர், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 13,600 ரூபாய். சாயங்காலம் வண்டி வந்தது. எட்டிப் பார்த்தால் ஸ்ட்ரட் இரண்டும் கருகருவென்று பளபளத்தன. பழைய பாகங்களைக் கேட்டேன், ஸ்கிராப்காரர் எடுத்துப் போய்விட்டாராம். அலைன்மென்ட் பிரின்ட் கேட்டேன், மெஷினில் பேப்பர் தீர்ந்துவிட்டதாம். வீட்டுக்குப் போகும் வழியிலேயே அதே கடகட.

திரும்பக் கொண்டுபோனால் "புது ஷாக் செட் ஆகணும் சார், கொஞ்ச நாள் ஓட்டுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். சில வாரம் கழித்து ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது என்று வேறு ஒரு அலைன்மென்ட் கடைக்குப் போனேன். பிட்டுக்குள் இறங்கிய அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "இது புதுசுன்னு யாரு சார் சொன்னா?"

கூடவே என்னையும் இறங்கச் சொல்லிக் காட்டினார். பிரேக் ஹோஸ் ரப்பர் மேலும் ஸ்பிரிங் மேலும் கறுப்பு பெயின்ட் தெறித்திருந்தது. ஸ்ட்ரட்டை நக்கிளோடு, அதாவது சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகத்தோடு, பிடிக்கும் இரண்டு போல்ட்டும் மண்ணும் துருவுமாக, ஸ்பேனர் பட்ட தடமே இல்லாமல் இருந்தன. அந்த போல்ட்டைக் கழற்றாமல் ஸ்ட்ரட்டை வெளியே எடுக்கவே முடியாது. இடது ஸ்ட்ரட்டில் ஹோஸ் பிடிக்கும் பிராக்கெட் வளைந்திருந்தது. முன்பு பிரேக் பேட் மாற்றும்போது எடுத்த போட்டோ ஒன்று என் போனில் இருந்தது, அதிலும் அதே வளைவு. அதாவது கழற்றவே இல்லை, ஸ்பிரே அடித்துவிட்டு 13,600 வாங்கியிருக்கிறார்கள்.

இதில் ஒரு கூத்து, வலது ஸ்ட்ரட் நிஜமாகவே போயிருந்தது. புது பெயின்ட் மேலேயே எண்ணெய் கோடாக வழிந்து தூசி அப்பியிருந்தது. மேலே லேசாக எண்ணெய்ப் பசை படிவது சகஜம்தான், இப்படி வழிந்தால் சீல் போய்விட்டது. அந்தப் பக்க டயரில் கையைத் தேய்த்துப் பார்த்தால் பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பர் கட்டிகள், மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டது. ஷாக் சக்கரத்தை ரோட்டோடு பிடித்து வைக்காவிட்டால் டயர் இப்படித்தான் தேயும். பிரேக் அடித்தால் மூக்கு அதிகமாகக் குனிவதும் இதனால்தான்.

சரி, சத்தம்? அது இடது லிங்க் ராடு, வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் பாரை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் சின்னக் கம்பி. பால் ஜாயிண்ட் லூஸ், கையால் ஆட்டினாலே ஆடியது. அண்ணன் இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றிவிட்டு, கடை முன்னால் இருந்த குழியில் மெதுவாக ஒரு ரவுண்டு ஓட்டச் சொன்னார். சத்தமே இல்லை. ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற சமாச்சாரம். உங்கள் வண்டியிலும் சின்னக் குழிக்கு மட்டும் கடகட என்றால் ஷாக் பேச்சை எடுப்பதற்கு முன் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது டொக் என்று கேட்டால் ஸ்ட்ரட் மவுண்ட்டையும் அதன் பேரிங்கையும் பாருங்கள்.

அப்புறம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் நானே ஸ்ட்ரட் ஜோடியாக வாங்கினேன். பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், எம்.ஆர்.பி., தயாரித்த மாதமும் வருடமும் இருக்க வேண்டும், பார்த்து வாங்குங்கள். மாற்றும்போது பக்கத்திலேயே நின்றேன். ஸ்பிரிங் கம்ப்ரஸர் மாட்டித்தான் நடு நட்டைக் கழற்றினார்கள், மாட்டாமல் கழற்றினால் ஸ்பிரிங் தெறித்து ஆளையே அடித்துவிடும். பம்ப் ஸ்டாப்பர், டஸ்ட் கவர், மவுண்ட் எல்லாம் புதுசு. நக்கிள் போல்ட்டைக் கழற்றி மாட்டினால் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, மாறும், அதனால் அலைன்மென்ட் பார்த்து பிரின்ட்டும் கொடுத்தார்கள்.

பழைய ஒர்க்‌ஷாப் கொடுத்தது பில்லே இல்லை, மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த சீட்டு. ஜி.எஸ்.டி. எண் கிடையாது. தமிழ்நாட்டில் பதிவு செய்த கடை என்றால் 33 என்று தொடங்கும் 15 இலக்க எண் இருக்கும், ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டுப் பார்த்தால் கடைப் பெயர் வரும். நல்லவேளை, பணம் யு.பி.ஐ.யில் போயிருந்தது. அந்த ரசீது, இரண்டு போட்டோக்கள், அந்தச் சீட்டு ஆகியவற்றோடு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அது நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை.

நேற்று சூப்பர்வைசர் போன் செய்தார். லிங்க் ராடு இலவசமாகப் போட்டுத் தருகிறாராம், புகாரை வாபஸ் வாங்க வேண்டுமாம். 13,600 முழுசாக வந்தால் யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.