டௌ இண்டெக்ஸ், ஹேஸாப், லோபா, கியூஆர்ஏ: எது எதைப் பிடிக்கும், எதை விடும்?

கெமிக்கல் பிளாண்ட்டில் தீ, வெடிப்பு அபாயத்தை மதிப்பிட எது நல்ல முறை என்று கேட்டால் அவரவர் பழகிய முறையைத்தான் சொல்வார்கள். அதனால் நடந்து முடிந்த இரண்டு விபத்துகளை எடுத்துக்கொண்டு, இந்த முறை இதை முன்கூட்டியே பிடித்திருக்குமா என்று பார்த்துவிடலாம். இரண்டுமே இங்கிலாந்தில் நடந்தவை.

முதலில் ஃபிளிக்ஸ்பரோ கெமிக்கல் பிளாண்ட், 1974. வரிசையாக ஆறு ரியாக்டர்கள். ஐந்தாவதில் விரிசல் விட்டதால் அதைக் கழற்றிவிட்டு நான்கையும் ஆறையும் 20 அங்குலக் குழாயால் இணைத்தார்கள். இரண்டு முனையிலும் பெல்லோஸ் (துருத்திபோல் மடிப்புள்ள, நெகிழும் இணைப்பு), நடுவில் வளைவு, முறையான தாங்கல் கிடையாது, வரைபடம் என்று பார்த்தால் பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்டதுதான். உள்ளே அழுத்தத்தில், சுமார் 155 டிகிரியில், சைக்ளோஹெக்ஸேன் என்ற எளிதில் தீப்பிடிக்கும் திரவம். அதன் கொதிநிலையே 81 டிகிரிதான். ஜூன் 1 அன்று குழாய் பிய்த்துக்கொண்டது, 28 பேர் இறந்தார்கள்.

ஒரு யூனிட்டின் தீ, வெடிப்பு அபாயத்துக்கு மதிப்பெண் போடும் டௌ இண்டெக்ஸ் இங்கே என்ன சொல்லியிருக்கும்? பொருளின் எரிதன்மைக்கு ஒரு எண், அதோடு செயல்முறையின் அபாயங்களுக்கான காரணிகளைப் பெருக்கினால் மொத்த மதிப்பு. 159-ஐத் தொட்டால் கடுமையான அபாயம். கொதிநிலைக்கு மேல் டன் கணக்கில் திரவம் இருப்பதற்கே மதிப்பு எகிறியிருக்கும், பெல்லோஸ் இருந்தால் தனியாகக் கூடுதல் புள்ளி வேறு உண்டு. ஆக, இந்த யூனிட் ஆபத்தானது என்று சரியாகவே சொல்லியிருக்கும். ஆனால் அந்தக் குழாய்க்குத் தாங்கல் இல்லை என்று சொல்லியிருக்காது, ஏனென்றால் அதைக் கேட்கும் கட்டமே அந்தப் படிவத்தில் இல்லை.

சரி, ஹேஸாப்? ஓட்டம் இல்லை, அழுத்தம் அதிகம், எதிர்த்திசையில் ஓட்டம் என்று ஒவ்வொரு லைனாகப் பிடித்துக்கொண்டு, ஆபரேட்டர், மெயின்டனன்ஸ், டிசைன் ஆட்கள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அலசுவது. எனக்கு இதுதான் பிடிக்கும், வேறெந்த முறையும் ஆபரேட்டரின் வாயிலிருந்து இவ்வளவு விஷயத்தை வெளியே கொண்டுவருவதில்லை. ஆனால் ஹேஸாப் பார்ப்பது வரைபடத்தை. சாக்பீஸ் குழாய் எந்த வரைபடத்திலும் ஏறவே இல்லையே! மாற்றம் செய்யும்போது திரும்பவும் ஆய்வு செய்யும் நடைமுறை பிளாண்ட்டில் இல்லாவிட்டால், ஹேஸாப் ஃபைல் அலமாரியில் பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது பன்ஸ்ஃபீல்ட் எரிபொருள் கிடங்கு, 2005 டிசம்பர் 11. பெட்ரோல் டேங்கில் மட்டத்தைக் காட்டும் கேஜ் நின்றுபோனது, அதற்கு மேல் தனியாக இருந்த ஹை லெவல் சுவிட்சும் (மட்டம் எல்லை மீறினால் நிரப்புவதை நிறுத்த வேண்டியது) வேலை செய்யவில்லை, பெட்ரோல் வழிந்து ஆவிமேகமாகப் பரவி வெடித்தது. ஞாயிறு அதிகாலை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. லோபா என்பது ஒரு விபத்தைத் தடுக்க எத்தனை பாதுகாப்பு அடுக்குகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு தவறும் என்று எண்ணிப் பார்ப்பது. அந்தக் கணக்குப்படி இங்கே இரண்டு பாதுகாப்பு அடுக்குகள். ஒவ்வொன்றும் பத்தில் ஒருமுறைதான் தவறும் என்று போட்டால் இரண்டும் சேர்ந்து தவறுவது நூறில் ஒருமுறை. பேப்பரில் அழகாக இருக்கும். ஆனால் அந்த கேஜ் ஆகஸ்ட் கடைசியிலிருந்து 14 முறை நின்றிருக்கிறது. அதற்குப் பத்தில் ஒன்று கொடுத்தது யார்? லோபா செய்யும்போது மெயின்டனன்ஸ் பதிவேட்டைத் திறக்காமல் எண் போடுகிறவர்களை நான் நம்பமாட்டேன்.

கியூஆர்ஏ பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். விபத்துகளின் வாய்ப்பையும் விளைவையும் எண்ணில் கணக்கிட்டு, ஆபத்து எதுவரை எட்டும் என்று வரைபடத்தில் வட்டம் போடுவது அது. அப்போது இப்படிப்பட்ட கிடங்குகளுக்கு எடுத்துக்கொண்ட மோசமான நிலை டேங்க் தீதான், திறந்தவெளி ஆவிமேக வெடிப்பு கணக்கிலேயே வரவில்லை. கணக்கில் சேர்க்காத சம்பவம் அந்த வட்டத்தில் எப்படி வரும்?

என்னைக் கேட்டால், யூனிட்டுகள் நிறைய இருந்தால் டௌ இண்டெக்ஸை வைத்து எதை முதலில் பார்ப்பது என்று வரிசைப்படுத்துங்கள், மேலே வந்தவற்றுக்கு ஹேஸாப், அதில் பெரிதாகத் தெரியும் சில சம்பவங்களுக்கு மட்டும் லோபா. கியூஆர்ஏ வேலிக்கு வெளியே வீடுகள் இருந்தால், அல்லது கன்ட்ரோல் ரூமை எங்கே கட்டுவது என்று முடிவெடுக்கும்போது. பட்ஜெட் ஒன்றுக்குத்தான் என்றால் யோசிக்காமல் ஹேஸாப், ஆனால் ஷிப்ட் ஆபரேட்டர் கட்டாயம் மேசையில் இருக்க வேண்டும்.